அந்தக் கசெட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒருகாலத்தில் ரெக்கோர்டிங் பார் (கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை) நடத்திய பெரியவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் வீட்டு அலுமாரியின் மேலோ கட்டிலுக்கடியிலோ, பழைய பிஸ்கட் தகரமொன்றில் கசெட்டுகள் கிடக்கலாம். அவற்றைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

1987 முதல் 1990 வரை மட்டக்களப்பின் கல்லடியில் ஒருவர் தன்னந்தனியாகக் கீபோட்டில் இசை செய்துகொண்டிருந்தார். எங்களுக்கு அவர் ‘கீபோட் அண்ணன்’. வெளிவராத அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஓர் இசைத்தட்டாகக் கொண்டுவர அவரே சம்மதித்திருக்கிறார். தட்டு வெளிவரும்வரை தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறார், அதை மதிக்கிறேன்.

அவரிடம் இருந்தது, சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த கசியோ எஸ்கே-1 என்ற சிறிய கீபோட். ஐந்து சிறிய பற்றரிகளில் ஓடும். அதிலுள்ள மைக்கில் ஏறக்குறைய 1.4 செக்கன் நீளமுள்ள ஒலியைப் பிடித்து, அதையே எல்லாக் கட்டைகளிலும் வாசிக்கலாம். அண்ணன் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி அம்மன் கோயிலில் உடுக்கையின் ஒற்றை அடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்க்கட்டையில் அது பறையாக முழங்கும். மேற்கட்டையில் சில்வண்டாகக் கீச்சிடும். அந்த ஒரே அடியிலிருந்து ஆறு நிமிடப் பாட்டொன்றைச் செய்திருக்கிறார். முதன்முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டு கசெட் டெக்குகள்தான் அவருடைய ஸ்டூடியோ. ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, மற்றதில் இரண்டையும் பதிவார். பிறகு அந்தக் கசெட்டை ஓடவிட்டு இன்னோர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் இரைச்சல் ஏறும். அதனால்தான் பிரதியிலிருந்து எடுத்த பிரதி எங்களுக்குப் போதாது. மூலக் கசெட்டுகள் பலவற்றை அவர் உங்கள் கடைகளில்தான் பிரதியெடுக்கக் கொடுத்தார். 1990 ஜூனில் சண்டை மூண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது அவை திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்தவற்றை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது.

இதுவரை 11 கசெட்டுகள் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நாங்களே அவசரப்பட்டு ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் நல்லெண்ணத்தோடு இரைச்சலை முழுவதுமாக நீக்கித் தந்தார்கள். இரைச்சலோடு உடுக்கைத் தோலின் அதிர்வும் போய்விட்டது. தகரத்தில் தட்டியதுபோல் கேட்கிறது. நாடாவும் சிக்கிக் கசங்கிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இப்போது ஒவ்வொரு கசெட்டுக்கும் டெக்கின் ஹெட்டை, அதாவது நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகத்தை, சிறிய திருகாணியால் சரித்துச் சரித்து, மேல் ஒலிகள் திறக்கும் இடத்தில் நிறுத்துகிறோம். வேகத்தைக் கண்டுபிடிக்க மின்சாரமே உதவுகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் மெல்லிய முனகல் நாடாவிலும் பதிந்திருக்கும். முனகல் 52 என்று காட்டினால், அன்று பதிந்த டெக் மெதுவாக ஓடியிருக்கிறது; அந்த அளவுக்குத் திருத்துகிறோம். ஒரு பாட்டில் மட்டும் முனகலே இல்லை. முடிவை நெருங்கும்போது சுருதி மெல்ல மெல்ல ஏறுகிறது. கரண்ட் இல்லாத இரவில் பற்றரியில் பதிந்திருக்கிறார். பற்றரி தீரத் தீர டெக்கின் மோட்டார் தளர்ந்திருக்கிறது. அந்தப் பாட்டைத் திருத்தப் போவதில்லை. பற்றரிக்காக அலைந்த காலமும் அந்தப் பதிவுக்குள் இருக்கட்டும்.

12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான் நல்ல ஒலியோடு அடங்கும். ஆகவே பலவற்றை விட நேரும்.

இப்படிப் பழைய நாடாக்கள் தட்டானது முன்பும் நடந்திருக்கிறது. இந்தியாவில் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியோடு ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. 1972 வரை அங்கே பதியப்பட்ட நாடாக்கள் 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. அந்த நாடாக்களுக்கு நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் இருந்தது. நமக்கு உங்கள் பிஸ்கட் தகரங்கள்தான் இருக்கின்றன.

ஆகவே தயவுசெய்து, கசெட் கிடைத்தால் போட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சணம் இருந்தாலும், உள்ளே அழுத்தும் சிறிய பஞ்சு கழன்றிருந்தாலும், ஒருமுறை ஓடவிடுவதே நாடாவைக் கெடுத்துவிடலாம். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். மேல் விளிம்பின் இரு முனைகளிலுமுள்ள சிறிய பிளாஸ்டிக் தடுப்புகள் உடையாமல் இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. உறையில் எழுதியிருப்பதை, கடன் கணக்காக இருந்தாலும், அழிக்காதீர்கள். நாங்கள் வந்து உங்கள் கண்முன்னாலேயே பதிவெடுத்து, கசெட்டை உங்களிடமே தந்துவிட்டுப் போவோம்.

இன்னொன்று. சில பதிவுகளில் ஒரு பெண் குளிர்த்திப் பாடல் (கண்ணகி அம்மன் சடங்கில் பாடுவது) பாடுகிறார். வேறொன்றில் யாரோ சல்லரி என்ற தாளக்கருவி போடுகிறார். அண்ணனுக்கு முகங்கள் நினைவிருக்கின்றன, பெயர்கள் இல்லை. அது உங்கள் தாயாராகவோ வாப்பாவாகவோ இருந்தால் சொல்லுங்கள். அவர்களுடைய சம்மதமோ குடும்பத்தின் சம்மதமோ இல்லாமல் அந்தக் குரலை அச்சிட மாட்டோம். சம்மதித்தால் அட்டையில் அவர்கள் பெயர் அண்ணனின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும், வருமானத்தில் பங்கும் உண்டு.

முக்கியமாகத் தேடுவது ஒரு கசெட்டை. வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியைப் பிடிக்கவென்று பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து பதிந்தது. பிரதிக்காகக் கல்முனையில் ஒரு கடையில் கொடுத்தது. சாம்பல் நிறம், 90 நிமிடக் கசெட், ஒரு மூலை வெடித்திருக்கும். பச்சை மையில் சாய்ந்த எழுத்தில் ‘பாலம் 2’ என்று எழுதியிருக்கும்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து, தொகுப்பவர்களில் ஒருவன்