அரிசிப்பானை மேல் வைத்த மனுக்கள்

அன்புள்ள மக்களே,

அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் ஒரு துணி நிற்கமாட்டேன் என்கிறது. அப்பா காலையில் தோவாளைச் சந்தைக்குப் போய் பிச்சிப்பூ வாங்கி வந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "இங்க எனக்குன்னு ஒரு பேரே இல்லம்மா. விசாவுலகூட அவரு பொண்டாட்டின்னுதான் வந்திருக்கேன்" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

நானும் அஞ்சு வருஷம் அப்படி இருந்தவள்தான். 2001-இல் அப்பா ஊராட்சித் தலைவராக ஜெயித்தார். மறுநாள் காலையில் பால்காரர் என்னை "பிரசிடெண்டம்மா" என்று கூப்பிட்டார். அதன்பிறகு என் பேரைச் சொல்லி ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. நீ அப்போது நாலாங்கிளாஸ்.

ஆண்கள் முன்வாசலுக்கு வருவார்கள், பெண்கள் அடுக்களைப் பக்கம். வந்தவுடன் எதுவும் சொல்லமாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து வாழைநாரை எடுத்துப் பூக் கட்டத் தொடங்குவார்கள். நாலு முழம் கட்டின பிறகுதான் வந்த காரியம் வாயில் வரும். தெருவிளக்கு எரியாமல் டியூஷன் விட்டு வரும் பிள்ளை பயப்படுகிறாள், ஓடை நிரம்பி வாசலுக்கு வருகிறது, இப்படி. மனுவை வாங்கி அரிசிப்பானை மேல் வைப்பேன். ராத்திரி அப்பா சாப்பிட உட்காரும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். எதை முதலில் கொடுப்பது என்பது என் கையில் இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நம்மோடு வரப்புத் தகராறு இருந்த வீட்டுக்காரி, குழாய் இணைப்புக் கேட்டு மனு கொண்டுவந்தாள். அதை நான் அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை, தொலைக்கவில்லை. அடியில் வைத்தேன். சித்திரையும் வைகாசியும் அது அங்கேயே கிடந்தது. அந்த ரெண்டு மாசமும் அவள் அடுத்த தெருவிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து போவதை நம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. என்னை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் யாரும் என்னிடம் கணக்கும் கேட்கவில்லை.

நீ போனை வைத்தபிறகு, ஜனாதிபதிகளின் மனைவிமாரைப் பற்றி நூலகத்தில் எடுத்துப் படித்தேன். எடித் வில்சன் கதையில் அந்த அரிசிப்பானைதான் கண்முன் வந்தது. 1919 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தார். நோயின் கடுமையை நாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தக் காகிதம் கட்டிலருகே போகலாம், எது காத்திருக்கலாம் என்று மாதக்கணக்கில் அவர் மனைவிதான் பிரித்தார். அந்த நாட்டில் எல்லா மாநிலத்துப் பெண்களுக்கும் ஓட்டுரிமை என்று சட்டம் ஆனதே 1920-இல்தான். புருஷனைக் காப்பாற்றத்தான் செய்தார், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது சரியில்லை மக்களே.

நம்ம நாட்டு ஜனாதிபதியாக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி செய்தது வேறு மாதிரி. பட்டுப்புழுவைக் கொல்லாமல் பட்டு நெய்ய முடியாதா என்று எல்லாருக்கும் தெரிய ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி ஆந்திராவில் ஒரு கைத்தறி அலுவலரை வருஷக்கணக்கில் உழைக்க வைத்தது. இன்றைய அகிம்சைப் பட்டு அதிலிருந்து வந்ததுதான்.

பங்குனியில் நீ ரோட்டோர நீலப்பூவைப் படம் எடுத்து அனுப்பினாயே, ப்ளூபானெட், அது பூக்கும் டெக்ஸஸ்காரர்தான் லேடி பேர்ட் ஜான்சன், அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி. சொந்தப் பேர் கிளாடியா. சின்னதில் ஆயா வைத்த செல்லப்பேர் ஒட்டிக்கொண்டது. அஞ்சு வயசில் தாயை இழந்தவர். நீ இருக்கிற ஆஸ்டினிலேயே இதழியல் படித்தார். 1943-இல் தன் குடும்பச் சொத்தில் வந்த பணத்தைப் போட்டு அங்கே ஒரு வானொலி நிலையத்தை வாங்கி, கணக்குப் புத்தகத்தைத் தானே பார்த்து நிமிர்த்தினார். 1964 தேர்தலில், கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தால் கோபத்தில் இருந்த தென்மாநிலங்கள் வழியாக நாலு நாள் ரயிலில் போய், கூச்சல் போட்ட கூட்டங்களின் முன்னால் நின்று பேசினார். 1965-இல் நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளையும் பழைய இரும்புக் குவியல்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. பூ விஷயம்தானே என்று அதை லேசாகப் பேசினவர்கள் உண்டு. பூவால் சோறு தின்கிற ஊரில் பிறந்த நமக்கு அப்படிப் பேச வராது.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. 1973-இல் கணவர் இறந்தார். 1982-இல், எழுபது வயசில், காட்டுப்பூக்களுக்காக ஆஸ்டினில் ஒரு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். இன்னொரு அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோரும் அப்படித்தான். 1945 ஏப்ரலில் கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் தலைமையில் உட்கார்ந்து, 1948 டிசம்பர் 10 மனித உரிமைப் பிரகடனம் வரை கொண்டுபோனார். அதே ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த நம்ம ஹன்சா மேத்தா, பிரகடனத்தில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி இருந்த வரியை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தார். அந்த இடத்தை ரெண்டு தடவை படித்தேன்.

2006-இல் நம் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. என்னை நிற்கச் சொல்லி வந்தார்கள். அடுக்களைக்கு வந்த அதே பெண்கள், அன்றைக்கு முன்வாசல் வழியாக வந்தார்கள். அப்பாவும் நில்லு என்றார். புருஷன் பேரில் ஜெயித்தவள் என்பார்களே என்று பயந்து மறுத்துவிட்டேன். ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்தார், அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அதை அஞ்சு வருஷம் பார்த்தேன். அந்த மறுப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது.

அந்தப் பூ மையத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். சம்பளம் இல்லை என்று நினைக்காதே, ஒரு நாள் போய்ப் பார். பிச்சி கட்டின கை உனக்கு, செடி தெரியும்.

அடுத்த மாசம் முந்திரிக்கொத்து செய்து பார்சல் அனுப்புகிறேன். இதுவரை மாப்பிள்ளை பேருக்குத்தான் விலாசம் எழுதினேன். இந்தத் தடவை உன் பேருக்கு எழுதுகிறேன், நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு.

உன் அம்மை