பார் வெளுத்த ஆண்டு: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கடல்பாசி எடுக்கும் அக்காமாரே, கடலுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு வந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. கரையில் குப்பை அள்ளும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தோம். இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி.

மற்றபடி, ஆண்டு முழுவதும் நம் கவனத்தைப் பிடித்துவைத்தது ஒரே விஷயம்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நாம் பார் என்று சொல்லும் பவளப்பாறை வெளுத்தது.

உலகின் நான்காவது பெரும் பவள வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2024 ஏப்ரல் 15 அன்று அறிவித்தது. அதே நாளில்தான் நம் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மே மாதத்தில் தீவுப் பக்கம் போய்வந்த நம் ஆட்களே, மான்கொம்புப் பவளம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது என்று வந்து சொன்னார்கள்.

இளைய உறுப்பினர்கள் பலர் இது ஏன் என்று கேட்டார்கள். பவளம் கல் அல்ல, உயிர். கோடிக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பைச் சுரந்து கட்டியதுதான் பார். அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குத் தேவையான சாப்பாட்டில் பெரும்பகுதியை வெயிலை வைத்துச் சமைத்துக் கொடுப்பது அந்தப் பாசிதான். நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. பார்த்தவர்கள் செத்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள். அது சரியல்ல. வெளுத்த பவளம் பட்டினி கிடக்கும் பவளம். தென்மேற்குக் காற்று வலுத்துத் தண்ணீர் குளிர்ந்தால் பாசி மறுபடி குடியேறும், நிறம் திரும்பும். சூடு நீண்டால்தான் சாவு.

மன்னார் வளைகுடாவுக்கு இது புதிதல்ல. 1998, 2010, 2016 ஆண்டுகளிலும் பெரிய அளவில் வெளுத்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளாகக் கடலடியில் அளந்துவருகிறார்கள். அவர்கள் கணக்குப்படி 2005-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2021-இல் சுமார் 27 சதவீதமாகக் குறைந்திருந்தது. இடையில் கொஞ்சம் ஏறியதும் உண்டு. பவளக்கல் வெட்டுவது நின்றபின் பார் தேறி வந்ததை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். நாம் கை எடுத்தால் கடல் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது.

பவளக்கல் வெட்டிய காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். வீடு கட்டவும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கவும் வத்தை வத்தையாக, அதாவது படகு படகாக, கொண்டுவந்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். பிழைப்புக்காகச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1986-இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் கல்பவளம் வன உயிரினச் சட்டத்தில் மிகக் கடும் பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகுதான், பார் இல்லாவிட்டால் அலைக்குக் குறுக்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி நம் ஊர்களில் சத்தமாகக் கேட்டது. பாரும் தீவும் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன.

சரி, சூட்டை நாம் தடுக்க முடியாது. அப்புறம் நமக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி மே மாதக் கூட்டத்தில் நெடுநேரம் ஓடியது. கடைசியில் ஒரு விஷயத்தில் எல்லோரும் உடன்பட்டோம். வெளுத்த பவளம் பிழைப்பதா சாவதா என்பது அந்தச் சில வாரங்களில் முடிவாகிறது. அந்த நேரத்தில் நங்கூரம் விழுந்தாலோ, தங்கூசி என்னும் நைலான் நரம்பு வலை சுற்றினாலோ, கால் பட்டாலோ, பிழைக்க வேண்டியதும் பிழைக்காது. தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே தவிர நாட்டுப்படகுக்கு இல்லை. ஆகவே ஜூன் முடியும்வரை பார் பக்கம் நங்கூரம் போடுவதில்லை, மீன்கூடுகளைப் பாரின் அருகிலும் வைப்பதில்லை என்று நாமாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். பெரும்பாலானவர்கள் மதித்தார்கள்.

இதற்கு வழிகாட்டியவர்கள் கடல்பாசி எடுக்கும் பெண்கள்தான். பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தியும் அவரைப் போன்றவர்களும் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை என்று தாங்களே விதி வகுத்தார்கள். 2015-இல் அவருக்குத் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தபோது கரை முழுவதும் பெருமைப்பட்டது. அரசு சொல்லித்தான் கட்டுப்பட வேண்டும் என்பதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

கிளிமீன் விஷயத்தில் மட்டும் உடன்பாடு வரவில்லை. பவளம் செத்த இடத்தில் முதலில் படர்வது பாசி. அதைக் கிளிமீன் மேய்ந்தால்தான் பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும். அதனால் வெப்பக் காலத்திலாவது கிளிமீனை விட்டுவிடுவோம் என்று சிலர் சொன்னோம். மீன் வரத்து மோசமான நேரத்தில் இது எப்படி முடியும் என்று கேட்டவர்களின் கேள்வியும் நியாயம்தான். பேச்சு முடியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பு, வனத்துறை அனுமதியோடும் அவர்கள் ஆட்களோடும் போய், பாரில் சிக்கிக் கிடந்த அறுந்த வலைகளை நம் முக்குளிக்கும் தம்பிகள் அறுத்து எடுத்தார்கள். வலையை இழுக்கக் கூடாது, இழுத்தால் பவளமும் கூடவே வரும். கத்தரியால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அவர்களை இந்தச் சபை கைதட்டிப் பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூர்ப் படகுகள் சில கடலடியை வாரும், தடைசெய்யப்பட்ட ரோலர் மடி வலையோடு பார் ஓரம் வந்தது குறித்து எழுத்துமூலம் புகார் கொடுத்தோம். இதுவரை பதில் வரவில்லை. விடப்போவதில்லை.

கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கியதில் அலையின் வேகம் தணிந்து மணல் சேர்ந்தது. இப்போது காரியசல்லித் தீவுக்கும் அதே முறையை அரசு கையில் எடுத்திருக்கிறது. அந்த வேலையில் நாட்டுப்படகு மீனவர்களையும் கலந்து பேச வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டை இந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வைத்துக்கொள்வது, கிளிமீன் பேச்சை அடுத்த கூட்டத்தில் முடிப்பது, இந்த இரண்டு தீர்மானங்களையும் உங்கள் முன் வைக்கிறேன். படகும் டீசலும் கொடுத்து உதவிய அனைவருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்