காற்றின் மேல் பழி போடாதீர்கள்

சென்னையில் சாலையோரம் பள்ளம் தோண்டும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள்தான் அதிகம் விழுந்தன, இனி வேம்பும் புங்கனும் நடுவோம் என்று அப்போது எல்லோரும் பேசினோம். பேச்சு சரிதான். ஆனால் அந்தப் பேச்சில் உங்கள் பொக்லைன் தப்பித்துக்கொண்டது.

சாலையோரம் விழுந்து கிடக்கும் பெரிய மரத்தின் அடியை ஒருமுறை குனிந்து பாருங்கள். சில மரங்களில் ஒரு பக்கம் மட்டும் வேர் இருக்காது. தொடை தடிமன் வேர் நார்நாராகப் பிய்ந்து, வெட்டுவாய் கறுத்து, உளுத்துப் போயிருக்கும். வடிகாலுக்கோ கேபிளுக்கோ என்றைக்கோ தோண்டிய பக்கம் அது. மரத்துக்கு நீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் பரவுகின்றன. நீங்கள் கை வைப்பதும் அங்கேதான். அப்புறம் பள்ளத்தை மூடி, அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்துவிடுகிறீர்கள். மரம் சில வருடம் பச்சையாகவே நிற்கும். ஒரு கோடை மழையில் சாயும். ‘பலத்த காற்றில் மரம் விழுந்தது’ என்று செய்தி வரும்.

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தை நினைத்துப் பாருங்கள். 1989 புயலில் அதன் அடிமரமே போனது. மரம் போகவில்லை, விழுதுகள் தாங்கின. ஊரில் பழமொழியாகச் சொல்வது அங்கே கண்ணெதிரே நடந்தது. கொல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரவியல் பூங்காவின் ஆலமரமும் 1925இல் அடிமரத்தை இழந்து, இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் விழுது இறங்க மண் இருந்தது. நம் தெரு ஆலமரத்தின் விழுதைப் பேருந்துக்கு இடிக்கிறது என்று நறுக்கிவிடுகிறோம். நறுக்காவிட்டாலும் கீழே சிமெண்ட்.

சிங்கப்பூரில் 2001 முதல் பாரம்பரிய மரங்களைப் பட்டியலிட்டு, இடிதாங்கி வரை பொருத்துகிறார்கள். அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்குச் சொன்னதே, அதை இங்கும் செய்யுங்கள். அடிமரத்தை நெருங்கினால் பொக்லைனை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் தோண்டச் சொல்லுங்கள். வேரை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ரம்பத்தால் நேராக அறுக்கட்டும்.

பதித்த பரப்புக்குத்தான் பில் என்றால் யார்தான் மண்ணை விட்டுவைப்பார்? பொறியாளர்களே, மரத்தடியில் விட்ட மண்ணுக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்து, அதற்கும் பணம் கொடுங்கள்.