சாலைப் பொறுப்பை ஏற்பவர்கள் கணக்கையும் ஏற்க வேண்டும்: கவுண்டி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுண்டி வாரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மாவட்டம் போன்ற நம் கவுண்டியின் சாலை ஆணையத்தைக் கலைத்துவிட்டு, அதன் அதிகாரங்களையும் கடமைகளையும் உங்கள் வாரியமே ஏற்பது பற்றிய தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் எந்த முறையில் ஏற்கப்போகிறீர்கள் என்பதில் எனக்குக் கவலை உண்டு. இங்கு வாழும் தமிழர்களும் பொது விசாரணைக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

நான் குடியிருப்பது ஒரு சரளைச் சாலையில். மார்ச் மாதத்தில் மேல்மண் உருகியும் அடிமண் உறைந்தே கிடப்பதால், நீர் கீழே இறங்க வழியின்றிச் சாலை முழுவதும் களியாகக் குழைந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு காலையில் பள்ளிப் பேருந்தின் பின்சக்கரம் பாதிக்குமேல் புதைந்துபோக, இழுவை வண்டி வரும்வரை பிள்ளைகள் குளிரில் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டிக்குள் அடங்கிய உள்ளூராட்சியான டவுன்ஷிப்பின் அலுவலகத்தில் கேட்டபோது, சாலை தங்களுடையது அல்ல என்றார்கள். வாரிய உறுப்பினர் ஒருவரைக் கேட்டேன். சாலை ஆணையம் தனி அமைப்பு, அதில் தாம் தலையிட முடியாது என்றார். ஆணையமோ, டவுன்ஷிப் தன் பங்குப் பணத்தைத் தந்தால் சரளை கொட்டலாம் என்றது. மூவர் சொன்னதும் விதிப்படி சரிதான், அதுவே என்னை வருத்துகிறது.

மிச்சிகனில் சாலை ஆணையங்கள் அமைந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. 1909ஆம் ஆண்டின் கவுண்டிச் சாலைச் சட்டம், சாலைப் பணியை அன்றாட அரசியலிலிருந்து விலக்கிவைத்தது. அதே ஆண்டில் வெய்ன் கவுண்டியின் ஆணையம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஒரு மைல் கான்கிரீட் சாலை போட்டது, நாடே திரும்பிப் பார்த்த வேலை அது. டவுன்ஷிப்புகளின் சாலைகளை 1931ஆம் ஆண்டின் சட்டம் கவுண்டி ஆணையங்களிடம் ஒப்படைத்தது. ஆயினும் நம் ஆணையத்தில் இருப்பவர்கள் ஆறாண்டுப் பதவிக்கு உங்களால் நியமிக்கப்படுகிறவர்கள். சாலை கெட்டால் வாக்காளரான எங்களால் அவர்களை மாற்ற முடியாது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இங்கம், கல்ஹூன், ஜாக்சன் கவுண்டிகளின் வாரியங்கள் இப்பொறுப்பைத் தாமே ஏற்றன. நீங்களும் ஏற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு உறுதிமொழி வேண்டும். எரிபொருள் வரியிலிருந்தும் வாகனப் பதிவுக் கட்டணத்திலிருந்தும் 1951ஆம் ஆண்டின் 51ஆம் சட்டப்படி வரும் பணம் சாலைக்கே உரியது. அதை வெளிப்படையாக எடுத்து வேறு எதற்கும் செலவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் சட்ட ஆலோசனை, கணினிச் சேவை, கட்டட வாடகை என்று கவுண்டியின் பிற துறைகள் சாலைத் துறையின் பெயரில் எழுதும் பற்றுகள் சிறிது சிறிதாக வளரக்கூடும், அந்த ஓட்டையில்தான் சரளைக்கான பணம் கசிந்துவிடும் என்று அஞ்சுகிறேன். எனவே, மாற்றத்துக்கு முந்தைய ஆண்டின் நிர்வாகச் செலவையும் பிந்தைய ஒவ்வொரு ஆண்டின் நிர்வாகச் செலவையும் அருகருகே வைத்து வெளியிடுவோம் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

எந்தச் சாலை முதலில் என்பதை உறுப்பினரின் தொகுதி முடிவுசெய்யக் கூடாது. தார்ச்சாலைகளுக்கு 1 முதல் 10 வரை தரப்படும், மேற்பரப்பின் நிலையைக் காட்டும் பேசர் (PASER) மதிப்பெண்ணையும், சரளைச் சாலைகளுக்குப் பொறியாளர் தரும் வரிசையையும் பொதுவில் வையுங்கள். அந்த வரிசையை மீறினால் காரணத்தைப் பதிவுசெய்யுங்கள். பனிக்காலத்தில் விடிவதற்கு முன்பே சாலையைச் சமன்செய்யும் கிரேடரும் பனிக்கலப்பையும் ஓட்டும் ஊழியர்களின் பணி, ஓய்வூதிய உரிமைகள் குறையாமல் தொடர வேண்டும். எந்த வளைவில் பனி குவியும், எந்த மதகு அடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விசாரணைக் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்காமல் மாலை ஏழு மணிக்கு வையுங்கள். எங்கள் சாலையில் உள்ளவர்கள் அனைவரும் வருவோம்.

இப்படிக்கு,
சரளைச் சாலைவாசி ஒருவர்