புது சிப் லேப்டாப்: ஆறு மாசம் கழிச்சும் போய் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, கம்பெனியே சொந்தமா டிசைன் பண்ணின ப்ராசஸர் போட்ட புது லேப்டாப் பத்தியும் அதை வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னும் ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லா எழுதியிருந்தாங்க, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா அதுல பேசினவங்க எல்லாருமே வாங்கி பத்து நாள் கூட ஆகாதவங்க. ஒருத்தர் ஸ்பீடு சூப்பர்ங்கறார், இன்னொருத்தர் பேட்டரி அருமைங்கறார், ஒருத்தர் மட்டும் கேம் ஓடலன்னு கோவப்படறார், அதோட கட்டுரை முடிஞ்சு போச்சு. இந்த மாதிரி லேப்டாப்பை ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருக்கறவன்ங்கற முறையில சில விஷயம் சொல்லணும்னு தோணுச்சு, அதான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த சந்தோஷம் பொய் கிடையாது. பழைய லேப்டாப்பை மடியில வச்சு வேலை பார்த்தவங்களுக்கு தெரியும், பத்து நிமிஷத்துல தொடை சுடும், ஃபேன் உய்யுன்னு கத்தும், சார்ஜர் இல்லாம வீட்டை விட்டு கிளம்பவே பயமா இருக்கும். 2020 நவம்பர்ல ஆப்பிள் எம்1 சிப்போட மேக்புக் ஏர் கொண்டு வந்தப்போ அதுல ஃபேனே வைக்கல. வீடியோ பார்த்தா 18 மணி நேரம் வரைக்கும் சார்ஜ் நிக்கும்னு சொன்னாங்க, கேட்டவங்க பாதி பேர் நம்பல, வாங்கினப்புறம் தான் நம்பினாங்க. என் தங்கச்சி பையன் அப்பவே ஒண்ணு வாங்கினான், வீடியோ எடிட் பண்றவன் அவன், முதல் வாரம் ஃபோன் பண்ணி "மாமா, எக்ஸ்போர்ட் போட்டுட்டு கையை வச்சு பாக்கறேன், லேசா வெதுவெதுன்னு தான் இருக்கு"ன்னான். அவன் குரல்ல இருந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த மெஷின் இன்னைக்கும் அவன்கிட்ட ஓடிட்டு தான் இருக்கு.

இது எப்படி நடந்துச்சுன்னு உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அது தான் எனக்கு குறையா பட்டுச்சு. அந்த எம்1 சிப்புல எட்டு கோர் (தனித்தனியா வேலை செய்யற பகுதி), அதுல நாலு கனமான வேலைக்கு, மீதி நாலு மெயில் பாக்கறது பாட்டு கேக்கறது மாதிரி சின்ன வேலைக்கு, அதனால சும்மா இருக்கற நேரத்துல கரண்ட் ரொம்ப கம்மியா தான் இழுக்கும். மெமரியை ப்ராசஸர் பக்கத்துலயே ஒரே பேக்கேஜ்ல வச்சுட்டாங்க, ப்ராசஸரும் கிராபிக்ஸும் அதையே பங்கு போட்டுக்குது, டேட்டாவை இங்கேருந்து அங்க காப்பி அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. வீடியோ ஓட்டறதுக்குன்னு தனி சர்க்யூட்டே உண்டு. டிசைன் தான் ஆப்பிளோடது, செஞ்சு கொடுக்கறது தைவான்ல இருக்கற டிஎஸ்எம்சி. சொந்த சிப்புன்னதும் ஃபேக்டரியும் அவங்களுதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அதனால சொல்றேன். இதெல்லாம் ஒரே ராத்திரியில வந்ததும் இல்ல. 2008ல பி.ஏ. செமின்னு ஒரு சிப் டிசைன் கம்பெனியை வாங்கினாங்க, 2010ல ஏ4ங்கற அவங்க சிப் வந்துச்சு, பத்து வருஷம் ஃபோன்லயும் டேப்லெட்லயும் பழகிட்டு தான் லேப்டாப்புக்கு வந்தாங்க.

அதுக்கும் அடியில இருக்கறது ஆர்ம்ங்கற சிப் டிசைன் முறை. 1985ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன் கம்பெனியில சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்னு ரெண்டு பேர் டிசைன் பண்ணின சிப்புல இருந்து வந்த வம்சம். முதல் சிப்பை டெஸ்ட் பண்ணி கரண்ட் எவ்வளவு எடுக்குதுன்னு மீட்டர் வச்சு பார்த்தா பூஜ்யம் காட்டுச்சாம், என்னடான்னு பார்த்தா பவர் லைனே சிப்புக்கு போகல, மத்த பின்கள் வழியா கசிஞ்ச கரண்டுலயே அது ஓடிட்டு இருந்திருக்கு! இதை படிச்ச நாள்ல இருந்து பேட்டரி பத்தி யாராவது ஆச்சரியப்பட்டா எனக்கு இது தான் ஞாபகம் வரும்.

சரி, இப்போ என் கதை. பழைய பத்திரம், சர்டிஃபிகேட், குடும்ப ஃபோட்டோ இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஒழுங்குபடுத்தி கொடுக்கறது என் வேலை. என்கிட்ட ஒரு பழைய ஸ்கேனர் இருக்கு, கண்ணாடி பெருசு, ஃபோட்டோ நெகட்டிவ் கூட எடுக்கும், பதினோரு வருஷமா ஒரு நாள் கூட மக்கர் பண்ணினது கிடையாது. ரிவ்யூ எல்லாம் படிச்சு, வீடியோ எல்லாம் பார்த்து, புது சிப் போட்ட ஒரு லேப்டாப் வாங்கினேன் (கம்பெனி பேர் வேண்டாம், சண்டை போடறதுக்கு எழுதல). ஆன் பண்ணின முதல் நாள் நானும் அந்த கட்டுரையில வந்தவங்க மாதிரி தான் பேசியிருப்பேன். மூணாவது நாள் ஸ்கேனர் கேபிளை சொருகினேன். தெரியாத டிவைஸ்னு வந்துச்சு. டிரைவர், அதான் ஸ்கேனரை லேப்டாப்போட பேச வைக்கற சாஃப்ட்வேர், இறக்கி போட்டேன், இன்ஸ்டால் ஆகல. ஸ்கேனர் கம்பெனிக்கு மெயில் போட்டா, அந்த மாடலுக்கு இனிமே புது டிரைவர் வராதுன்னு ரெண்டே வரியில பதில். லேப்டாப் வித்தவங்ககிட்ட கேட்டா, சார் அது ஸ்கேனர் கம்பெனி பாத்துக்கணும்னுட்டாங்க. ரெண்டு பேர் சொன்னதும் அவங்கவங்க அளவுல சரி தான், நடுவுல மாட்டிக்கிட்டு நின்னது நான்.

தங்கச்சி பையன் தான் பொறுமையா விளக்கினான். "மாமா, பழைய ஆப் ஓடும், ஏன்னா பழைய சிப்புக்கு எழுதின கட்டளையை புது சிப்புக்கு மாத்தி கொடுக்கற மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒண்ணு உள்ள இருக்கு. ஆனா டிரைவர் ஓஎஸ்ஸோட அடிவயித்துல உக்காந்து வேலை செய்யறது, அங்க மொழிபெயர்ப்பு கிடையாது, புது சிப்புக்குன்னே எழுதினா தான் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி அது இருக்கான்னு பார்த்தீங்களா?" பாக்கல. ஏன் பாக்கலன்னா நான் படிச்ச எந்த ரிவ்யூவும் அதை பாக்க சொல்லல. எல்லாத்துலயும் ஒரு மார்க் ஷீட் இருந்துச்சு, சிங்கிள் கோர் இவ்வளவு, மல்டி கோர் அவ்வளவு, போன வருஷத்தை விட இத்தனை பர்சன்ட் கூடன்னு. என் வேலைக்கு அந்த நம்பர் ஒண்ணும் பண்ணல சார், உண்மையிலயே ஒண்ணும் பண்ணல. பழைய லேப்டாப்பை தூக்கி போடாம வச்சிருந்தேன், அதனால தப்பிச்சேன். இன்னைக்கு வரைக்கும் ஸ்கேன் பண்றது அதுல, மீதி எல்லாம் புதுசுல, பென் டிரைவ்ல மாத்தி மாத்தி.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் கிடையாது. 2012ல மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டின்னு ஆர்ம் சிப் போட்டு ஒண்ணு விட்டாங்க, பாக்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனா பழைய விண்டோஸ் புரோகிராம் எதையும் போட முடியாது, ஸ்டோர்ல இருக்கறது மட்டும் தான். வாங்கினவங்க ஏமாந்து போனாங்க, அடுத்த வருஷம் அந்த கம்பெனி 90 கோடி டாலர் நஷ்டம்னு கணக்குல எழுத வேண்டியதாச்சு. 2024 ஜூன்ல ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போட விண்டோஸ் லேப்டாப் வந்தப்போ நிலைமை எவ்வளவோ மேல, ப்ரிஸம்னு ஒரு எமுலேஷன் (அதே மொழிபெயர்ப்பு வேலை தான்) இருக்கு, பெரும்பாலான ஆப் ஓடிடுது, பேட்டரியும் நல்லா நிக்குது. அப்பவும் தொடக்கத்துல வாங்கினவங்க புலம்பினது எதுக்குன்னு பாத்தா அதே கதை தான், பழைய பிரிண்டர், ஆபீஸ் நெட்வொர்க்கோட இணைக்கற விபிஎன், அப்புறம் ஏமாத்து வேலையை தடுக்கற சாஃப்ட்வேர் உள்ள ஆன்லைன் கேம். இதுல எதுவும் மார்க் ஷீட்ல தெரியாது.

மொழிபெயர்ப்புக்கும் ஒரு ஆயுசு உண்டுங்கறதை யாருமே எழுதறதில்ல. ஆப்பிள் 2006ல பவர்பிசிங்கற பழைய சிப்புல இருந்து இன்டெல் சிப்புக்கு மாறினப்போ ரொசெட்டான்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் கொடுத்தாங்க, 2011ல வந்த லயன் ஓஎஸ்ல அதை எடுத்துட்டாங்க. அன்னைக்கு வரைக்கும் ஓடின பழைய சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாள் நின்னுச்சு. எம்1க்கு வந்தது ரொசெட்டா 2. அதுக்கும் ஒரு நாள் முடிவு வரும், அதனால இப்போ ஓடுதுல்லன்னு நிம்மதியா இருக்கறவங்களும் அவங்க ஆப்புக்கு புது சிப் வெர்ஷன் வந்துடுச்சான்னு பாத்து வச்சுக்கறது நல்லது.

அடுத்தது மெமரி. இதை பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த தெரியாது. முன்னாடி எல்லாம் லேப்டாப் ஸ்லோ ஆனா பின்னாடி நாலு ஸ்க்ரூ கழட்டி ரேம் போட்டா இன்னும் மூணு வருஷம் ஓடும். இந்த புது லேப்டாப்புங்கள்ல நிறைய மாடல்ல மெமரி சிப்போட ஒட்டியே வருது, இல்லன்னா போர்டுல சோல்டர் பண்ணி வருது. வாங்கற அன்னைக்கு எடுத்தது தான் கடைசி வரைக்கும். வேகத்துக்காக தான் அப்படி பண்றாங்க, அது புரியுது, ஆனா கடையில நிக்கற ஆளுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு அவர் வேலை எப்படி இருக்கும்னு இன்னைக்கே எப்படி தெரியும்? 2023 கடைசியில எம்3 மேக்புக் ப்ரோ 8 ஜிபியில ஆரம்பிக்குதுன்னு வந்தப்போ ஜனங்க அவ்வளவு சத்தம் போட்டாங்க, 8 ஜிபி எங்ககிட்ட வேற இடத்து 16 ஜிபிக்கு சமம்ங்கற மாதிரி கம்பெனி தரப்புல பேசினாங்க. 2024 அக்டோபர்ல மேக்புக் ஏருக்கே 16 ஜிபி தான் ஆரம்பம்னு மாத்திட்டாங்க, அதே விலையில. உள்ள என்ன காரணமோ, கேட்டுட்டு இருந்த ஜனங்க கேட்டது கிடைச்சுது.

எம்2 ஏர் விஷயமும் அப்படித்தான். 2022ல வந்தது, 256 ஜிபி மாடல்ல ஸ்டோரேஜுக்கு ரெண்டு சிப் இருந்த இடத்துல ஒண்ணு தான் வச்சிருந்தாங்க, அதனால டிஸ்க் வேகம் பழைய எம்1ஐ விட கம்மி. ப்ராசஸர் புதுசு, வேகம் கூட, ஆனா பெரிய ஃபைல் காப்பி பண்ணினா பழசு ஜெயிக்குது! வாங்கினவங்களும் ரிவ்யூ பண்ணினவங்களும் பிரிச்சு பாத்து தான் இது வெளிய வந்துச்சு.

அதனால தான் குறை சொல்றவங்களை பாத்து "உனக்கு வாங்க வக்கில்ல"ன்னும், பாராட்டறவங்களை பாத்து "காசு வாங்கிட்டு பேசறான்"னும் திட்டிக்கறதை பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. ரெண்டு பக்கமும் அவங்கவங்க மெஷின்ல பாத்ததை தான் சொல்றாங்க. நாள் பூரா பிரவுசரும் டாக்குமெண்டும் பாக்கறவங்களுக்கு இது வாழ்நாள்லயே நல்ல லேப்டாப்பா இருக்கும். ரெண்டு மானிட்டர் வச்சு வேலை பண்றவங்களுக்கு எம்1 ஏர் ஒத்து வராது, அதுல நேரடியா ஒரே ஒரு வெளி ஸ்கிரீன் தான் போட முடியும். மேக்லயே விண்டோஸும் போட்டு மாத்தி மாத்தி ஓட்டினவங்களுக்கு, அதுக்கு இருந்த பூட் கேம்ப் வசதி புது சிப்புல போயிடுச்சு. யாருக்கு ஒத்து வரும், யாருக்கு வராதுன்னு பிரிச்சு சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த இடத்துல தான் உங்க பேப்பர் நிக்கணும்னு நான் ஆசைப்படறேன். பேப்பர்ல வந்தா வீட்ல பெரியவங்க நம்பறாங்க சார், புள்ளைக்கு காலேஜ் லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடி அந்த பக்கத்தை கிழிச்சு வச்சுக்கறாங்க.

என் வேண்டுகோள் இதுதான். பாக்ஸ் பிரிச்ச வாரத்துல ஒரு கட்டுரை போடுங்க, தப்பே இல்ல, ஆனா அதே ஆளுங்களை ஆறு மாசம் கழிச்சு திரும்ப கூப்பிட்டு பேசுங்க. எந்த ஆப் ஓடல, எதை சொருகினா வேலை செய்யல, மெமரி பத்துதா, எமுலேஷன்ல ஓடற ஆப்பை நாள் பூரா வச்சா பேட்டரி எவ்வளவு நேரம் வருதுன்னு கேளுங்க. இன்ஜினியரை மட்டும் கேக்காம கணக்கு எழுதறவங்க, பாட்டு ரெக்கார்டு பண்றவங்க, என்னை மாதிரி பழைய மெஷின் வச்சு பொழைக்கறவங்களையும் சேத்துக்குங்க. பென்ச்மார்க் நம்பரை, அதான் அந்த மார்க் ஷீட்டை, கடைசியில போட்டாலும் யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

அந்த கட்டுரை எழுதின நிருபருக்கு இஷ்டம்னா என் லேப்டாப்பையும் ஸ்கேனரையும் ரெண்டு நாள் வச்சு பாக்கட்டும், நானே கொண்டு வந்து கொடுக்கறேன். கேபிளும் சேத்தே எடுத்துட்டு வரேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்