கடற்கரையில் ‘மைனஸ் 85’ மீட்டர் காட்டும் வாட்ச்: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பெசன்ட் நகர், சென்னை – 600 090.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மே மாத அப்டேட்டுக்குப் பிறகு விளையாட்டு வாட்ச்சில் உயர அளவு சுமார் 90 மீட்டர் குறைவாக வருவது, இரண்டு முறை சர்வீஸுக்கு அனுப்பியும் சரியாகாதது.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜனவரியில் உங்கள் நிறுவனத்தின் மலையேற்ற வாட்ச்சை 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காற்றழுத்த சென்சாரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து உயரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. மே மாத அப்டேட்டை ஏற்றிய மறுநாளிலிருந்து உயரம் தப்பாகவே வருகிறது.

தினமும் காலையில் எலியட்ஸ் கடற்கரையில் ஓடுகிறேன். ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கத்தில் நின்று, உயரத்தை 4 மீட்டர் என்று நானே செட் செய்துவிட்டு ஓட ஆரம்பிப்பேன். அந்தச் சாலையில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஆனால் பன்னிரண்டு நிமிடத்துக்குள் எண் மெல்ல மெல்ல இறங்கி மைனஸ் 85-ல் போய் நிற்கிறது. ஓட்டம் முடிந்து அறிக்கையைப் பார்த்தால், தட்டையான சாலையில் நான் 89 மீட்டர் கீழே இறங்கியதாக எழுதியிருக்கிறது.

முதல் முறை அனுப்பியபோது ரீசெட் செய்து திருப்பிக் கொடுத்தீர்கள். இரண்டாம் முறை சென்சார் துளையில் வியர்வை உப்பு அடைத்திருக்கிறது, சுத்தம் செய்துவிட்டோம் என்றீர்கள். மூன்றாவதாக வந்த மின்னஞ்சலில் “வானிலை மாற்றத்தால் இப்படி வருவது இயல்பு” என்று ஒரே வரி. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வானிலையால் எவ்வளவு தவறு வரும் என்பது எனக்குத் தெரியும். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் வாட்ச் காட்டும் உயரம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கூடும். சென்னையில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே அழுத்தம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்குவது அன்றாடம் நடப்பதுதான். அதனால் 25, 30 மீட்டர் வித்தியாசம் வந்தால் நான் புகாரே செய்யமாட்டேன். வானிலைத் தவறு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இங்கே வெயிலானாலும் மழையானாலும் எப்போதும் கீழ்நோக்கியே, எப்போதும் 90-ஐ ஒட்டியே வருகிறது.

மலையிலும் பார்த்துவிட்டேன். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் புறப்பட்டு ஊட்டியில் 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. ஜூன் மாதம் சைக்கிளில் போனபோது இரண்டு ஸ்டேஷன்களிலும் நின்று வாட்ச்சைப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் 237, ஊட்டியில் 2,112. கூட வந்த நண்பரிடமும் இதே மாடல்தான். ஆனால் அவர் மே மாத அப்டேட்டை இன்னும் ஏற்றவில்லை. அவருடைய வாட்ச்சில் இரண்டு இடத்திலும் வித்தியாசம் 15 மீட்டருக்குள்தான். ஒரே மாடல், ஒரே நாள், ஒரே காற்று. வேறாக இருந்தது சாஃப்ட்வேர் மட்டும்தான்.

எங்கே கோளாறு என்று எனக்குப் படுவதையும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் முதலில் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எடுத்தது அல்ல. பூமியை வழவழப்பான, சற்றுத் தட்டையான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து கணக்கிடுகிறது. உண்மையான கடல் மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டிப்போவதில்லை. உலகத்திலேயே அது மிகவும் தாழ்ந்து கிடப்பது நம் பக்கத்தில்தான்: இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர். தமிழ்நாட்டில் இந்தத் தாழ்வு ஏறத்தாழ 90 மீட்டர். அதைத் திருத்திக் கணக்கிடாமல் விட்டால் கடற்கரையில் நிற்பவருக்கு மைனஸ் 90-ஐ ஒட்டித்தான் வரும். என் வாட்ச்சில் வருவது அதுவேதான். மத்திய ஐரோப்பாவில் இதே பிழை 45, 50 மீட்டர் கூட்டிக் காட்டும். அங்கே மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு எங்கள் சிக்கல் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் பொறியாளர்கள் அரை மணி நேரம் ஒதுக்கினால் இதை உறுதிப்படுத்திவிடலாம். சர்வீஸ் சென்டரில் துளையைச் சுத்தம் செய்கிற தம்பியால் இதைச் சரிசெய்ய முடியாது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இது வெறும் எண் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உயரம் தவறினால், அதை வைத்துக் கணக்கிடும் கடல்மட்ட அழுத்தமும் தவறுகிறது. ஜூன் கடைசியில் ஒரு நாள், வானம் நிர்மலமாக இருந்தபோது, வாட்ச் புயல் எச்சரிக்கை ஒலித்தது. பத்தே நிமிடத்தில் அழுத்தம் 1006-லிருந்து 996 ஹெக்டோபாஸ்கலுக்கு விழுந்துவிட்டதாகக் காட்டியது. பக்கத்தில் ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, “என்ன சார், காத்து வருதா?” என்று எழுந்து வந்து என் கையைப் பார்த்தார். கடலுக்குப் போய்ப் பிழைப்பவர் அக்கறையோடு கேட்கிறார். என் கையில் இருப்பதோ பொய்யான எண். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்டில் குடும்பத்தோடு லடாக்கில் உள்ள லே நகருக்குப் போகிறோம். ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. என் மனைவியின் அண்ணனுக்கு ஏற்கெனவே ஒருமுறை உயர நோய் வந்து பாதியில் கீழே இறக்க வேண்டியிருந்தது. இந்தப் பயணத்துக்காகவே வாங்கிய வாட்ச் இது. நம்ப முடியாத எண்ணைக் கையில் கட்டிக்கொண்டு அவரை நான் அழைத்துப் போகமாட்டேன்.

எனவே, இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பிழையைத் திருத்திய அப்டேட்டைக் கொடுங்கள். முடியாதென்றால் பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பும் வழியைச் செய்துகொடுங்கள். இரண்டும் முடியாதென்றால், வாட்ச்சின் விலையையும் நான் கட்டிய இரண்டு கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் விவரம் தெரிந்த ஒரு பொறியாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில் நகல், கடற்கரை ஓட்டங்களின் பதிவுகள், இரண்டு ஸ்டேஷன்களிலும் இரு வாட்ச்சுகளையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாட்ச்சை மட்டும் இன்னொரு முறை கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்