அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்

டாலஸ் வட்டாரத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

நம் சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் பணிபுரியும் நிறுவனம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகக் கம்பெனிகள் தரும் ‘மேட்சிங்’ பணத்தை வாங்குவதற்காக வைத்தது. மூன்று வருடம் அந்தக் கணக்கைப் பார்த்தவன் நான்தான். போன பருவத்தில் ஒரு பையன் வருவது நின்றுபோனது. அவன் அம்மாவை மளிகைக் கடையில் பார்த்தபோது விசாரித்தேன். “அந்த ஃபார்ம்ல நாங்க என்னண்ணா எழுதறது?” என்றார்.

கணவருக்கு வேலை போயிருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு, வேறு வேலை தேடவோ கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அது முடிந்து, போட்ட மனுவும் தள்ளுபடியாகி, குடும்பம் மொத்தமும் இப்போது ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி தங்கும் அனுமதி, இல்லாமல் இருக்கிறது. ‘நாமெல்லாம் முறையாக வந்தவர்கள்’ என்று தீபாவளி மேடையில் ஒருவர் முழங்கினாரே, நாமும் கை தட்டினோமே, அன்று இவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அந்த அம்மாவுக்குக் கிடைத்த யோசனை: “பையனை ஹைஸ்கூலிலிருந்தும் நிறுத்துங்கள், விசா கேட்பார்கள்.” சுத்தத் தப்பு. அது தப்பு என்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்த ஊர் இங்கிருந்து கிழக்கே நூறு மைலில் இருக்கிறது. டைலர். 1975 டெக்சாஸ் சட்டத்தைக் காட்டி, 1977இல் அவ்வூர்ப் பள்ளி நிர்வாகம் ஆவணமில்லாத பிள்ளைக்கு ஆளுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. சில மெக்சிகோ குடும்பங்கள் வழக்குப் போட்டன. நீதிமன்றத்திலிருந்தே நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். 1982 ஜூன் 15இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளையைத் தள்ள முடியாது. வீட்டு முகவரி, வயது, தடுப்பூசி, இவற்றுக்குச் சான்று கேட்பார்கள். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. பள்ளிப் பதிவேட்டை வெளியாருக்குக் கொடுக்கவும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. பெயர், முகவரி போன்ற பொது விவரங்களையும் தரக்கூடாது என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

பயப்படவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி, வழிபாட்டிடம், மருத்துவமனைகளில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கச் சொன்ன பழைய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. ஆனால் வீட்டுக் கதவைத் தட்டுபவர் நீட்டும் வாரண்டில் நீதிபதியின் கையெழுத்து இருக்கிறதா, குடியேற்றத் துறை அதிகாரியின் கையெழுத்து மட்டும்தானா என்று பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் பெரிது.

அந்தக் குடும்பத்துக்கு உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. நம்மூர்க்காரர் ஒருவர் ‘கன்சல்டன்ட்’ என்று பணம் வாங்கிக்கொண்டு ஐந்து மாதம் இழுத்தடித்திருக்கிறார். அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு திரும்பி வரத் தடை; ஓராண்டு ஆகிவிட்டால் பத்து ஆண்டு. பிள்ளைகளுக்கு 18 வயது வரை அந்த நாட்கள் கணக்கில் ஏறாது. ஆக, முதல் சில வாரத்தில் நல்ல வக்கீலுடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்ல உரிமம் உள்ள வக்கீலுக்கும், மத்திய அரசின் நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான் உரிமை. வக்கீலின் பெயரை மாநில பார் கவுன்சில் தளத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு வக்கீல் வைத்துத் தராது. இலவச வக்கீல்களின் பட்டியலை மட்டும் வெளியிட்டிருக்கிறது.

கல்லூரி இன்னும் சிக்கல். சிறு வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் ‘டாகா’ திட்டத்தைப் பலரும் சொல்வார்கள், அது அந்தப் பையனுக்கு உதவாது. 2007 ஜூன் முதல் இங்கேயே இருந்திருக்க வேண்டும், இவன் அப்போது பிறக்கவே இல்லை. ஆவணமில்லாதவர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம் தந்த டெக்சாஸின் 2001 சட்டத்தை 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவு முடக்கிவிட்டது. தனியார் கல்லூரிகளும் தனியார் உதவித்தொகைகளும்தான் வழி. அதைத் தேட ஆள் வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருந்தே 21 வயதாகி, பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவை இழக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதே ஆள் உதவுவார்.

பொங்கல் பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை வரவழைக்கும் செலவில் ஒரு பங்கு போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளியின் ஓர் அறை, ஒரு வக்கீல், ஒரு கல்லூரி ஆலோசகர். வருபவரிடம் பெயர் கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சட்டம் பேசுபவர்களை நிர்வாகிகள் அந்த அறைக்கு அனுப்பிவைக்கட்டும்.

மேட்சிங் தருபவர்கள் தனியாகச் சொல்லிக்கொள்வார்கள், அதற்குப் படிவத்தில் கட்டம் வேண்டாம். சேர்க்கை ஆகஸ்டில் தொடங்குகிறது. புதுப் படிவத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன்; முதல் பிரதியை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு அனுமதி தாருங்கள்.

உங்களில் ஒருவன்